ஷாதிபூர் நத்தைகளின் வைவா

“ஆள் இல்லாம வைவா நடத்தினா அது செல்லாதும்மா” என்றது போனில் பல்கலைக்கழகத்தின் குரல். “பொதுமக்கள் உக்காந்திருக்கணும். அவங்க கேள்வி கேட்டாங்கன்னு குறிப்புல வரணும். அப்பத்தான் ஃபைல் நகரும்.”

வைஜெயந்தி போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். இரண்டு நாளில் வைவா. அவளுடைய ஆய்வுப் பதிவு இந்த மாதத்தோடு காலாவதி ஆகிறது. கெஞ்சி வாங்கிய நீட்டிப்பும் தீர்ந்துவிட்டது. இந்த முறை தவறினால் பட்டம் இல்லை. இத்தனை ஆண்டு நத்தை பார்த்ததுதான் மிச்சம்.

முனைவர் பட்டம் என்பது ஒரு நேர்த்தியான இயந்திரம். ஆய்வேட்டை எழுதிக் கொடுத்ததும் பட்டம் கைக்கு வராது. ஏடு முதலில் வெளியூர்ப் பேராசிரியர்களிடம் போகும். அவர்கள் பரவாயில்லை என்று எழுதினால், அவர்களில் ஒருவர் நேரில் வந்து எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்பார். அதன் பெயர்தான் வைவா. அன்று அரங்கத்தின் கதவைச் சாத்தக் கூடாது. தெருவில் போகிறவர்கூட உள்ளே வந்து கேட்கலாம். அறிவை மூடிய அறைக்குள் கைமாற்றிவிடக் கூடாது என்று யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்துச் செய்த ஏற்பாடு அது. எல்லாம் முடிந்து வெளியூர்ப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் பட்டம்.

ஆனால் அந்த நல்ல மனிதர் மே மாதத்தில் போர்ட் பிளேருக்கு வந்ததில்லை. பள்ளி விடுமுறை விட்டதும் வைஜெயந்தியோடு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் அத்தனை பேரும் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

“நம்ம தெரு என்னத்துக்கு இருக்கு?” என்றான் கணவன் ஈஸ்வரன்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆய்வே ஷாதிபூரில் அவர்கள் குடியிருக்கும் அந்தத் தெருவைப் பற்றியதுதான். உள்ளங்கை அளவு இருக்கும் ஆப்பிரிக்க நத்தை, பப்பாளிக் கன்றையும் அவரைக் கொடியையும் மென்று தீர்த்துவிடும். கண்டால் உப்பைத் தூவிக் கொல்வதுதான் ஊர் வழக்கம். வைஜெயந்தி வீடு வீடாகப் போய், உப்புப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு ஓடுகளின் மேல் நெயில் பாலிஷால் எண் எழுதினாள். நெயில் பாலிஷ் மழையில் கரையாது, நத்தைக்கும் வலிக்காது. எந்த எண் மாலையில் எந்தத் தோட்டத்தில் இருந்தது, காலையில் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று தினமும் பார்த்து எழுதினாள். ஆய்வு அவ்வளவுதான். தெரு அவளுக்கு நத்தை டீச்சர் என்று பெயர் வைத்தது.

ஈஸ்வரன் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எல்லோரும் வருகிறார்கள் என்றான். மட்டன் பிரியாணி என்று சொல்லிவிட்டானாம். ஆனால் வாய் திறக்க மாட்டார்களாம். படித்தவர்கள் சபையில் என்ன பேசுவது என்ற பயம்.

எனவே ஆளுக்கொரு கேள்வியை வைஜெயந்தியே எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே எதிர்வீட்டுப் பேச்சியம்மா சீட்டோடு வந்து நின்றாள்.

“ஒச்சம்மாவுக்கு மட்டும் நாலு வரி. எனக்கு ஒத்த வரியா? நான் என்ன கொறஞ்சு போயிட்டேன்?”

ஒச்சம்மா பக்கத்து வீட்டுக்காரி. இருவருக்கும் குழாயடியில் தொடங்கிய வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தது. சமாதானமாகப் போகட்டும் என்று வைஜெயந்தி மற்ற எல்லோருடைய கேள்வியையும் நாலு வரியாக நீட்டினாள். நீண்ட கேள்வி ஒருவருக்கும் மனப்பாடம் ஆகவில்லை. சரி, ஒத்திகை பார்க்கலாம் என்று கூட்டினாள். ஒத்திகையில் எல்லோரும் எல்லோருடைய கேள்வியையும் பதிலையும் கேட்டுவிட்டார்கள். ஜங்லிகாட் படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்க்கும் அல்போன்ஸ், தன் கேள்வியைக் கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொல்லி முடித்தார்.

“பதிலு டீச்சர்லா சொல்லணும், அல்போன்ஸ் அண்ணே” என்றான் ஈஸ்வரன்.

“தெரிஞ்ச பதில வச்சிக்கிட்டு சும்மா நிக்க முடியல, பாய்” என்றார், பேச்சில் தீவின் இந்தி கலந்த அல்போன்ஸ்.

வைவா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து விமானத்தில் வந்திருந்த பேராசிரியை, முன்வரிசையில் பட்டுப்புடவைகளைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, இது கல்யாண மண்டபம் இல்லையே என்று வைஜெயந்தியின் ஆய்வு நெறியாளரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டார்.

வைஜெயந்தி வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அல்போன்ஸ் எழுந்துவிட்டார். மழைக்காலத்தில் நத்தையின் நடமாட்டம் எப்படி மாறுகிறது என்று கேட்டு, அதிகமாகும் என்று தானே சொல்லி, டீக் ஹே, சரிதான் என்று உட்கார்ந்தார். நெறியாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஒருவழியாக அவள் விளக்கி முடித்ததும், பார்வையாளர்கள் கேட்கலாம் என்றார் பேராசிரியை. பேச்சியம்மா எழுந்தாள். எழுந்து, ஒச்சம்மாவின் நாலு வரிக் கேள்வியைத் தடுமாறாமல் ஒப்பித்தாள். அரங்கம் கைதட்டியது. ஒச்சம்மாவின் முகம் சிவந்தது. மற்றவர்களும் வரிசையாகக் கேட்டார்கள். வைஜெயந்தியும் முதல்முறை கேட்பவள்போல் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள்.

பேராசிரியை நெகிழ்ந்துபோனார். மெயின்லேண்டில் ஒரு வைவாவுக்கு இப்படி ஊரே திரண்டு வந்து தான் பார்த்ததில்லை என்றார். பிறகு ஆய்வேட்டின் நடுப்பக்கத்தைத் திறந்தார்.

“நத்தை பொதுவா இருந்த எடத்தைச் சுத்தியேதான் வரும். உங்க தெரு நத்தை மட்டும் தினமும் ஒரு வீடு தாண்டுது, அதுவும் ஒரே திசையில. உலகத்துல வேற எங்கயும் இது பதிவாகல. இந்த ஒரு கண்டுபிடிப்புக்கே பட்டம் குடுக்கலாம்.”

வைஜெயந்திக்குக் கண் கலங்கியது. பேராசிரியை பேனாவின் மூடியைக் கழற்றினார். விதிப்படி நடப்பதில் ஆசையுள்ள நெறியாளர், வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று கடைசியாக ஒருமுறை கேட்டுவைத்தார்.

ஒச்சம்மா எழுந்தாள். வேண்டாம் என்று வைஜெயந்தி கண்ணால் கெஞ்சினாள். இனி யாரும் கேட்கத் தேவையில்லை, குறிப்புக்குப் போதுமான கேள்வி சேர்ந்துவிட்டது. ஆனால் ஊரே கேட்ட சபையில், தன் கேள்வியைப் பறிகொடுத்துவிட்டுச் சும்மா வீடு திரும்ப ஒச்சம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொந்தமாக ஒரு கேள்வி கேட்டாள்.

“நத்தை நகராட்டி டீச்சர் மொகம் வாடிப்போகுதேன்னு, நாங்க தெருவோட விடியுமுன்ன எந்திரிச்சு அதுகளத் தூக்கித் தூக்கி அடுத்த வீட்டுல போட்டுக்கிட்டு இருக்கோமே, பட்டம் வந்துட்டா அந்த வேலைய நிப்பாட்டிறலாமா?”