இஸ்திரிக்கு அடங்காத இலை

மூன்றாவது இலையும் சுருண்டுவிட்டது.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கடை வாசலோரம் இருந்த தொட்டியின் முன்னால் குனிந்தார். முந்தாநாள் ஒன்று, நேற்று ஒன்று, இன்று ஒன்று. பச்சையில் மஞ்சள் தெளித்தாற்போன்ற நீள இலை, நுனியிலிருந்து முறுக்கிக்கொண்டு திருகாணி மாதிரி நின்றது.

"இருபத்திரண்டு வருஷமா இந்தக் கடையிலேருந்து ஒரு சுருக்கம் வெளிய போனதில்ல. எங்கிட்டயே வேலையக் காட்டுது பாரு," என்றார் மனைவியிடம்.

அவள் சட்டை மடிப்பதை நிறுத்தவில்லை. "அது துணி இல்லீங்க."

"சுருக்கம் சுருக்கந்தான்."

செடி, எதிர்மாடியில் குடியிருக்கும் வக்கீலம்மாவுடையது. ஒரு வழக்கு விஷயமாக ஒரு மாதம் வெளியூர் போகிறவர், பூட்டிய வீட்டில் வாடிப்போகுமே என்று இங்கே கொண்டுவந்து வைத்தார். "பெரிசா ஒண்ணும் வேணாம். உயிரோட இருந்தாப் போதும்," என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினார். அன்று இலைகளெல்லாம் நேராக, தட்டையாக, தேய்த்து அடுக்கியது போல இருந்தன. பார்த்ததுமே இஸ்திரிக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. நம் ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

தண்ணீர் போதவில்லை என்பதுதான் அவருடைய முதல் முடிவு. துணிக்குத் தெளிக்கும் பம்பை எடுத்து, மூன்று வேளையும் தெளித்தார். நான்காவதும் ஐந்தாவதும் சுருண்டன.

"ஊற வெச்சே கொன்னுடுவீங்க போல," என்றாள் மனைவி.

நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினார். ஒன்பது ஆயிற்று.

பக்கத்து மருந்துக்கடைக்காரர் வரவழைக்கப்பட்டார். தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இலையைத் திருப்பி முதுகைத் தடவிப் பார்த்தார்.

"பூச்சி இருக்கா?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"கண்ணுக்குத் தெரியல."

"அப்ப இல்லையா?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சியா இருக்கும். சோப்புத் தண்ணியில துடைச்சுவிடுங்க. நல்லா வெயில் காட்டுங்க. காத்துல கொஞ்சம் ஈரப்பதம் வேணும்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள் மனைவி.

மெல்லிய துணிகளுக்கென்று தனியாக வைத்திருந்த சோப்பைக் கரைத்து, ஒவ்வொரு இலையையும் இரண்டு பக்கமும் துடைத்தார். காலை வெயில் விழும் படியில் தொட்டியை வைத்து, வெயில் நகர நகரத் தானும் நகர்த்தினார். ஈரப்பதத்துக்கு அவரிடமா பஞ்சம்? நீராவிப் பெட்டியை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மணிக்கொரு தரம் புஸ்புஸ்ஸென்று ஆவி காட்டினார்.

செடி பளபளத்தது. மஞ்சளில் சிவப்பு ஓடியது. பத்தொன்பது இலைகள் சுருண்டன.

"நிறம் என்னமோ நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி.

"ஜுரத்துல மூஞ்சி செவக்கிற மாதிரி," என்றார் அவர்.

கடைசியில் பொறுக்க முடியாமல், துணி காயப்போடும் கிளிப்புகளை எடுத்து ஒவ்வொரு இலை நுனியிலும் மாட்டிவிட்டார். கனத்துக்காவது இறங்கிவரும் என்ற நம்பிக்கை. சட்டை வாங்க வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "செடியத் துவைச்சுக் காயப்போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், இரண்டு இலைகள் கிளிப்பையும் சேர்த்து உள்ளே சுருட்டிக்கொண்டிருந்தன.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, அடுத்த தெருவுல செடிக் கடை இருக்கு. பார்க்க இதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

இஸ்திரிக்காரர் நிமிர்ந்து நின்றார். "தீஞ்சுபோன சட்டைக்கு வேற சட்டையக் குடுத்து நான் யாரையும் ஏமாத்தினதில்ல. தீஞ்சதையே கையில எடுத்துட்டுப் போய், என் தப்புதான்னு சொல்லியிருக்கேன்."

"அப்படி எத்தனை சட்டை தீச்சிருக்கீங்க?"

"ஒண்ணு. அதுவும் எங்கண்ணனோடது."

வக்கீலம்மா ஊரிலிருந்து நேராகக் கடைக்கே வந்தார். பின்னால் பெட்டியோடு அவருடைய குமாஸ்தா. இஸ்திரிக்காரர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் தயாராக நின்றார். தோற்றாலும் சுருக்கத்தோடு தோற்கக் கூடாது.

வக்கீலம்மா செடியைப் பார்த்தார். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தே விட்டார். இருபத்து நான்கு இலை. நேராக ஒன்றுகூட இல்லை.

"என் தப்புதாம்மா," என்றார் இஸ்திரிக்காரர்.

"இருங்க. முதல்ல என்ன செஞ்சீங்க?"

"தண்ணி தெளிச்சேன்."

"எத்தனை வேளை?"

"மூணு."

குமாஸ்தா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

"அப்புறம்?"

"நிறுத்தினேன். நாலு நாள்."

"வெயில்ல வெச்சீங்களா?"

"வெச்சேம்மா."

"எந்தப் பக்கத்து வெயில்?"

"கிழக்கு. பிறகு ஆவி காட்டினேன். கிளிப்பும் மாட்டினேன்."

மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். கிளிப்பைப் பற்றி யாருமே கேட்கவில்லை.

வக்கீலம்மா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பை அழவைக்கிறவர் என்று தெருவே சொல்லும். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

இஸ்திரிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்ன சொன்னாலும் கேட்டுக்கறேம்மா. ஆனா ஒண்ணு. இந்த ஒரு மாசத்துல ஒரு இலை உதிரல. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

குமாஸ்தா அதையும் எழுதினார். பிறகு இஸ்திரிக்காரர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"இது சுருள் இலைச் செடிங்க, ஆறு வருஷமா அம்மா வீட்ல ஒரு இலைகூடச் சுருளாம, கண்காட்சிக்குக் கொண்டுபோறப்பல்லாம் தட்டையா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அதனால அந்த ஆவிய எத்தனை நிமிஷம் காட்டினீங்கன்னு மட்டும் கரெக்டா சொல்லுங்க."