அண்டத்தின் வயது குறித்த மாரண்டஹள்ளித் தீர்மானம்

அண்டத்தின் வயதை நிர்ணயிக்கும் மாபெரும் பொறுப்பு 1984-ஆம் ஆண்டு மாரண்டஹள்ளியின் தலையில் வந்து விழுந்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லை. ‘மாரண்டஹள்ளி வானியல் மன்ற’த்தின் நிறுவனரும் தலைவரும் ஒரே பேச்சாளருமான அறிவியல் ஆசிரியர் தீர்த்தகிரி, அந்தப் பொறுப்பை மனமுவந்து ஏற்றார். தொலைநோக்கியை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். அது ஒரு தடையாக அவருக்குத் தோன்றவில்லை.

“விண்மீன் கூட்டமெல்லாம் நம்மள விட்டு வெலகி ஓடுதுங்க. தூரத்துல இருக்கறது இன்னும் வேகமா ஓடுது,” என்று கூட்டத்தில் விளக்கினார். “பாலக்கோட்டு பஸ் எவ்ளோ தூரம் போயிருக்கு, என்ன வேகத்துல போகுதுன்னு தெரிஞ்சா, எப்பக் கெளம்புச்சுன்னு சொல்லிடலாமில்லீங்களா? அதே கணக்குதான். எல்லாம் ஒண்ணா இருந்து கெளம்புன நேரத்துலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஆனதுதான் அண்டத்தோட வயசு.”

“அப்ப எவ்ளோங்க?” என்றார் மன்றச் செயலாளர், உரக்கடை குப்புராஜ்.

“ஒரு கட்சி ஆயிரம் கோடி வருசங்குது. இன்னொரு கட்சி ரெண்டாயிரம் கோடிங்குது. வேகத்துல தகராறு இல்லீங்க. தூரத்தை அளக்கறதுலதான் தகராறு.”

“ரெண்டு பேரு மனசும் நோகாம ஆயிரத்தி ஐநூறுன்னு வெச்சுக்கலாங்களே.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. போண்டா வழங்கப்பட்டது. அண்டம் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த கம்பைநல்லூர் பச்சியப்பன் சொக்கிப்போனார். மாந்தோப்பும் லாரிகளும் உடையவர். மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவர். இத்தனை பெரிய அறிவாளியின் சம்பந்தம் வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே வீடு தேடி வந்துவிட்டார்.

தீர்த்தகிரியின் மனைவி தங்கம்மாள் லாரிகளை நினைத்து முன்கூட்டியே பூரித்திருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்பதும் கணவனும் மனைவியும் பேசி முடித்த விஷயம்தான்.

“பொண்ணுக்கு என்ன வயசுங்க?” என்றார் பச்சியப்பன்.

“பதினெட்டுங்க,” என்றார் தீர்த்தகிரி. ஒரு கோடிகூட முன்பின் போகாத துல்லியம்.

காபித் தட்டோடு வந்த மகள் காவேரி நின்றாள். “எனக்குப் பதினஞ்சுங்க. பத்தாவது படிக்கிறேன்.”

பச்சியப்பன் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைக் குரலுக்கு மாறினார்.

“வயசுங்கறதே ஒரு மதிப்பீடுதானுங்க. அண்டத்துக்கே பாதிக்குப் பாதி வித்தியாசம் வருது. பெரிய பெரிய விஞ்ஞானிங்களே...”

“அண்டம் பொறந்தப்ப பக்கத்துல யாரும் இல்லப்பா,” என்றாள் காவேரி. “நான் பொறந்தப்ப நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டிருந்தீங்க.”

தீர்த்தகிரி படித்த எந்த நூலிலும் இதற்கு மறுப்பு இல்லை.

பச்சியப்பன்தான் அவரைக் காப்பாற்ற முன்வந்தார். “பதினஞ்சுன்னா இன்னும் நல்லதுதானுங்களே. சொன்ன பேச்சு கேக்கும்.”

அந்த ‘நல்லது’ தீர்த்தகிரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மகளின் விரலில் பேனா மை அப்பியிருந்தது.

“வேணாங்க,” என்றார். குரல் மேடைக்குரியதாக இல்லை. “புள்ள படிக்கட்டும்.”

பச்சியப்பன் காபியைத் தொடாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து தங்கம்மாளும் விண்மீன் கூட்டம்போல் கணவரை விட்டு விலகியபடியே இருந்தாள். சோறு மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை. காவேரியோ பழையபடி பள்ளிக்கூடம் போனாள்.

அடுத்த மாதம் பாப்பாரப்பட்டியில் பேச அழைத்தார்கள். ஆயிரம் கோடி, ரெண்டாயிரம் கோடி என்ற இடம் வந்ததும் ஒருவர் எழுந்தார்.

“இத்தனை படிச்சவங்க, சரியாத் தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட மாட்டாங்களா?”

தீர்த்தகிரி கையிலிருந்த குறிப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“தெரியாததைத் தெரியலைன்னு சொல்றதுல என்னங்க வெக்கம்? தெரிஞ்ச வயசை மாத்திச் சொல்றவன்தான் வெக்கப்படணும். அப்படி ஒருத்தன் இந்த மேடையில நிக்கறான்.”

கூட்டம் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு பொன்னாடை போர்த்தியது. வெகுநேரம் கைதட்டிய அப்பன்மாரில் பலர், தை பிறந்ததும் நடக்கவிருந்த, பத்தாவது படிக்கும் தங்கள் ‘பதினெட்டு வயது’ மகள்களின் கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வதிக்கும்படி, அந்த மேடையிலேயே அவரை அழைத்தார்கள்.