குறிஞ்சிப்பாடி வயலில் ஒரு பனிச்சறுக்கு

பனிச்சறுக்குப் பலகைகளைப் பற்றி முப்பதுக்கும் மேற்பட்ட மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றை எழுதிய காலத்தில் நான் நேரில் பார்த்திருந்த ஒரே பனி, எங்கள் வீட்டு ஃப்ரீசரில் அம்மா கரண்டியால் சுரண்டி எடுப்பது. (அதையும் என்னைத் தொட விடமாட்டாள். "நீ ஓட்ட போட்டுடுவே, தள்ளு.")

இது நடந்தது இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில். இன்ஜினியரிங் முடித்துவிட்டு நெய்வேலி குவார்ட்டர்ஸில் சும்மா இருந்த எனக்குச் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி வீட்டிலிருந்தே எழுதும் வேலை கொடுத்தது. வெளிநாட்டுக் கடைகளின் இணையதளங்களுக்குப் பொருள் மதிப்புரை. எனக்கு வாய்த்தது டூரிங் ஸ்கீ. அதாவது, ஆளில்லாத பனிமலையில் தானே நடந்து ஏறி, அதே பலகையில் சறுக்கி இறங்குவது. நான் நைட்டியோடு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, "அதிகாலை மென்பனியில் இந்தப் பலகை நினைத்த கணத்தில் திரும்புகிறது" என்று எழுதுவேன். டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது என்பதால் பொய்க்கும் தடங்கல் இல்லை.

மைன்ஸில் ஷிஃப்டு பார்த்துவந்த அப்பா ஒரு வருஷம் கெடு வைத்திருந்தார். அதற்குள் இந்த வேலை நிலைக்காவிட்டால் நான் பேங்க் பரீட்சைக்குப் படிக்கவேண்டும்.

பத்தாவது மாதம், மேலாளர் மேகலா போன் செய்தார். ஒரு கடைக்காரருக்கு என் எழுத்து ரொம்பப் பிடித்துவிட்டதாம். அந்த நிபுணரே அகலமான ஸ்கீ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, இரண்டு போட்டோவும் அனுப்பட்டும் என்கிறாராம்.

"மேடம், நான் இருக்கிறது நெய்வேலி."

"அங்க பெரிய மண்மேடு இருக்குன்னு சொன்னியே?"

"அது மைன்ஸ்ல தோண்டிப் போட்ட மண்ணு. கிட்டப் போனாலே செக்யூரிட்டி புடிச்சிடுவாங்க."

"எங்கயாச்சும் எடுப்பா. முகம் தெரிய வேணாம். பலகை ஈரமா இருக்கணும், அவ்ளோதான். இந்தக் க்ளையன்ட் போனா நம்ம ரெண்டு பேரும் வீட்டுலதான்."

நான் ஏற்கனவே வீட்டில்தான் இருந்தேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

தேர்வு என்றால் லேசா? அகலம், எடை, முனையின் வளைவு என்று இரண்டு நாள் அட்டவணை போட்டேன். பிறகு ஆரஞ்சு நிறத்தில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். நீளமான பலகை ஆட்டம் காணாது என்று நானே எழுதியிருந்ததை நம்பி, இருப்பதிலேயே நீளமானது. பார்சல் வந்தபோது அது என்னைவிட ஒரு முழம் உயரம். ஹாலில் படுக்க வைத்தால் அம்மா அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகவேண்டும். அதற்குரிய பூட்ஸ் வரவில்லை. நிபுணரிடம் சொந்த பூட்ஸ் இருக்குமே!

அப்பா பலகையைத் தட்டிப் பார்த்தார். "ஏம்மா இவ்ளோ அகலம்?"

"மென்பனியில் மிதப்புத்தன்மை..." என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

"பொதையாம இருக்கன்னு சொல்லு. எங்க மெஷினுக்கும் சக்கரத்துக்குப் பதிலா இருக்கற செயின் அகலமாத்தான் இருக்கும். இல்லன்னா மழையில சகதிக்குள்ள எறங்கிடும்." முப்பது மதிப்புரைகளில் நான் சொல்லாததை மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டு, "உன் சித்தப்பா நடவுக்குச் சேறு அடிச்சி வெச்சிருக்கான். அங்க போய்ப் பாத்துடுவோம்" என்றார்.

மறுநாள் காலை குறிஞ்சிப்பாடியில் சித்தப்பா வயல். அப்பா மைன்ஸில் போடும் ரப்பர் கம்பூட்ஸில் காலை நுழைத்து (இன்னொருத்தி குடியேறலாம், அவ்வளவு இடம்), நைலான் கயிற்றால் பூட்ஸைப் பலகையோடு கட்டினோம். அடுத்த வயலில் ஏழெட்டுப் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலை அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாங்க இது, பாப்பா கால்ல கதவ கட்டிக்கினு வருது?"

"எங்க அண்ணன் பொண்ணு. இன்ஜினியர் படிப்பு," என்றார் சித்தப்பா. அது விளக்கமா, மன்னிப்பா என்று எனக்குப் புரியவில்லை.

சேற்றில் இறங்கினேன். மிதந்தது! சத்தியமாக மிதந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுதிய ஒன்று உண்மையானது. அந்தப் பூரிப்பில் ஒரு காலைத் தூக்கப் பார்த்தேன். சேறு விடவில்லை. மறு காலையும் விடவில்லை.

"இரு, இழுத்து வுடறேன்," என்று சித்தப்பா வயலை உழுத பவர் டில்லரில் கயிற்றைக் கட்டி மறுமுனையை என் கையில் கொடுத்தார். டில்லர் உறுமியது. பலகை வழுக்கியது. பத்து விநாடி நான் ராணி. அப்பா செல்போனோடு வரப்பில் ஓடிவந்தார்.

வரப்பு நெருங்கியதும் சித்தப்பா டில்லரைத் திருப்பினார். நான் திரும்பவில்லை. நினைத்த கணத்தில் திரும்பும் பலகை, நான் எவ்வளவோ நினைத்தும், நேராகப் போய் வரப்பில் முட்டி நின்றது. பலகைமேல் கம்பூட்ஸ் இரண்டும் அப்படியே நின்றன. அவற்றுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு கிளம்பிய நான், அடுத்த வயலில் காலையெல்லாம் நட்டு வைத்த நாற்றின்மேல் குப்புற விழுந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. அஞ்சலை அக்கா வந்து, எனக்கு அடியா என்று பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் ஒரு நாற்றுமுடியைக் கையில் திணித்தார்.

"காலையிலேர்ந்து இடுப்பு ஒடிய நட்டது. அழிச்சதெல்லாம் நட்டுட்டு ஏறு."

நட்டேன். நான் நட்டதைப் பிடுங்கி அவர் மறுபடி நட்டார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம், எனக்குப் பனியே தெரியாது, சோதித்தது நெல் வயலில் என்று உள்ளதை உள்ளபடி எழுதி, போட்டோவோடு அனுப்பிவிட்டு, பேங்க் பரீட்சைப் புத்தகத்தைத் திறந்தேன். வேலை போகவில்லை. கடைக்காரர் என் வாக்கியங்களில் "நன்றாக மிதக்கிறது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, "ஈரப்பனியில் எங்கள் நிபுணர்" என்று போட்டுவிட்டார். மேகலா பாராட்டினார். எனக்குத்தான் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாதக் கடைசியில் நானே வேலையை விட்டுவிட்டுப் பரீட்சை எழுதினேன்.

பேங்க் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆனது. வடலூர் மண்டபத்தில் வரிசையில் வந்த அஞ்சலை அக்கா, என் தலையில் அரிசியைத் தூவிவிட்டு மாப்பிள்ளையைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாத்துக்கினு ஓட்டுங்க தம்பி. வண்டி திரும்பினாலும் இது திரும்பாது."

வீட்டில் நான் எதற்காவது பிடிவாதம் பிடித்தால், என் கணவர் இன்றும் பதில் பேசுவதில்லை. வாயாலேயே டில்லர் சத்தம் மட்டும் போடுகிறார்.