மாசேர் கேட்ட பேன்

சாரம், புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என் அன்பு தாமரைச்செல்வி அக்காவுக்கு,

உன் சித்தப்பா மகள் கார்குழலி வணங்கி எழுதுவது. பிள்ளையார் ஒரு பக்கமும் மாதா ஒரு பக்கமும் நின்று பார்த்துக்கொள்வதால் இங்கே நானும் இவரும் சௌக்கியம். அங்கே பிரான்சில் நீயும் மாமாவும் பேத்தியும் குளிரில்லாமல் இருக்க விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இதை வாட்சப்பில் எழுதலாமே என்பாய். எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். போன வருஷம் உன் கணக்கில் எனக்கு வரவு வெறும் கட்டைவிரல்தான்.

நாம் படித்த போர்டிங்குக்குப் பழைய மாணவிகள் எல்லாரும் சேர்ந்து ஏதாவது செய்யப்போவதும், அதற்கான கூட்டம் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு என்பதும், முட்டிவலியால் வர முடியாது என்று நீ சொல்லிவிட்டதும் நீ அறிந்ததே. வராவிட்டால் போகிறது அக்கா. நான் ஒரு வார்த்தை வற்புறுத்த மாட்டேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் அழைத்து வருவது, எனக்கு அது கூடவா புரியாது? இந்தக் கடிதம் வேறு காரியத்துக்காக. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், நான் பழைய மாணவியா இல்லையா என்பதிலேயே தகராறு வந்தது. மில் மூடி அப்பா எட்டாவதோடு என்னை அழைத்துக்கொண்டு போய்விட்டார் அல்லவா, பேங்கில் இருந்து ரிட்டயர் ஆன தீபலட்சுமி, "பத்தாவது முடிச்சவங்கதான் மெம்பர்னு ரூல் போட்டிருக்கோம் கார்குழலி, தப்பா நெனச்சிக்காத" என்றாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. விஷயம் மாசேர் அன்யேஸ் காதுக்குப் போயிருக்கிறது. நம் மாசேருக்குத் தொண்ணூறு வயசு. போர்டிங்கின் பின்பக்கத்து அறையில்தான் இருக்கிறார். இப்போதைய புள்ளைகள் கன்னியாஸ்திரிகளை 'சிஸ்டர்' என்கிறார்கள், நாம் மட்டும்தான் இன்னமும் மாசேர் என்கிறோம். அவர், "அவ தலைல இருந்த பேன் ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்டி, அவ நம்ம பொண்ணு இல்லாம யாரு பொண்ணு?" என்று சொல்லிவிட்டார். கார்குழலி என்று பேர் வைத்த அப்பாவை அன்றைக்குத்தான் மனசார வாழ்த்தினேன். அப்புறம் வரவு செலவு எழுத ஆள் வேண்டும் என்றதும் அதே தீபலட்சுமி என்னைத்தான் கை காட்டினாள்.

சரி, புள்ளைகளுக்கு என்ன தேவை என்று மாசேரிடமே கேட்போம் என்று முடிவாயிற்று. வார்டன் சிஸ்டர் போனில் அவர் குரலைப் பிடித்து அனுப்பினார். மாசேருக்குப் பல் ஒன்றும் இல்லை. எதையும் மூக்கால்தான் சொல்வார். நாங்கள் எல்லாரும் காதில் வைத்துக் கேட்டோம். "புள்ளைங்களுக்கு... பேன் பா..." என்று வந்தது. அதற்குள் போர்டிங் மணி அடித்துவிட்டது. மணி ஓய்ந்ததும் மாசேர் ஜெபத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் செய்தி. இந்த 'பா' என்ற ஓர் எழுத்தால் ஊரே ரெண்டுபட்டது அக்கா. "பேன் பாழாப் போச்சுங்கறாங்க, மேல சுத்தற பேனு" என்று தீபலட்சுமி. "பேன் பாடாப் படுத்துதுங்கறாங்க, தலைல இருக்கற பேனு" என்று நம் குஞ்சம்மாள். காற்றாடியையும் நாம் பேன் என்றுதானே சொல்கிறோம், யாரைக் குறை சொல்வது?

தீபலட்சுமி ஜெயித்தாள். இவருக்குத் தெரிந்த பட்டறை தட்டாஞ்சாவடியில் இருந்ததால் இவரே போய்ப் பேன்களை வாங்கிக்கொண்டு வந்தார். நாம் படுத்த அந்தப் பெரிய ஹாலில் உத்தரம் எவ்வளவு உயரம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், பல்லி கீழே விழுவதற்குள் நாம் ஒரு அருள் நிறை மரியே சொல்லி முடித்துவிடுவோமே. அங்கிருந்து நீளமாகக் குழாய் விட்டுத் தொங்கவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் பேன் சுற்றியது, கூடவே குழாயும் ஊஞ்சலாடியது. இவர் கைகூப்பிக்கொண்டு, "இது பேன் இல்லடி, தேரு. கழட்டிடலாம்" என்றார். புள்ளைகள் அதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டார்கள். பேன்கள் இப்போது லைப்ரரியில் படுத்திருக்கின்றன.

அடுத்து குஞ்சம்மாள், பெட்டி நிறையப் பேன் சீப்பும் வேப்பெண்ணெயும் மூக்கைத் துளைக்கிற ஒரு ஷாம்புவும் கொண்டுபோய் இறக்கினாள். ஒன்பதாவது படிக்கிற கவிநிலா என்றொரு பொண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, எங்க தலைல பேன் இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? அவங்கள இங்க கூட்டிக்கிட்டு வாங்க" என்றது. குஞ்சம்மாள் குழைந்துகொண்டு, "எங்க காலத்துல எல்லாருக்கும் இருந்துச்சு கண்ணு" என்றாள். "அது உங்க காலம் ஆன்ட்டி. அப்ப ஷாம்பு கண்டுபிடிக்கல." வார்டன் பெட்டியைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். குஞ்சம்மாள் ஒரு வாரம் குரூப்பில் குட்மார்னிங் போடவில்லை.

இப்போது என் பெருமையைக் கேள். போன வெள்ளிக்கிழமை காலையில் அருகம்புல் வாங்கிக்கொண்டு பிள்ளையாரைப் பார்க்கப் போனேன். வழியில் அந்த ரொட்டிக்கடை வாசலில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டயர் ஆன ஒரு சொல்தா பென்ஷன் பெரியவர் மூக்கால் "பேன்" என்றார். கடைக்காரர் ஒரு முழ நீளத்துக்கு ரொட்டியை எடுத்து நீட்டினார். என் கையிலிருந்த அருகம்புல் கீழே விழுந்துவிட்டது. பிரெஞ்சில் ரொட்டிதானே பேன்! நீ அனுப்பின பிஸ்கட் டப்பாக்களின் முதுகில் எழுதியிருப்பதைக் கூட்டிக் கூட்டித்தான் நான் பிரெஞ்சு கற்றுக்கொண்டேன், எந்த டப்பாவிலும் ரொட்டி வராதது என் தலையெழுத்து. மாசேர் கேட்டது "பேன், பால்." ரொட்டியும் பாலும்! திருவிழா ஞாயிறுகளில் நமக்குக் கொடுப்பார்களே, அதே. பாலில் நனைத்து நடுவில் இருக்கிற மெத்தென்ற பாகத்தை எனக்கு ஊட்டிவிட்டு, கருகின ஓரத்தை நீ கடித்துக்கொண்டிருப்பாய். உனக்கு ஓரம்தான் பிடிக்கும் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன் அக்கா. நீ அனுப்பின போட்டோவில் பார்க்கிறேன், நடுப்பாகத்தைத் தின்றுவிட்டு ஓரத்தையெல்லாம் தட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறாய்.

நேற்று ஆட்டோ நிறைய ரொட்டியும் பாலும் கொண்டுபோனேன். மாசேர் தூங்கிக்கொண்டிருந்தார், கேட்க முடியவில்லை. கேட்கத்தான் என்ன இருக்கிறது? ஒரு பொண்ணுக்கு ஆடின பல் விழுந்தது, மற்றபடி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எட்டாவது படித்தவள் சொன்னதுதான் சரி என்று தீபலட்சுமியே குரூப்பில் எழுதினாள். அதனால் நான் கேட்க வந்த காரியம் இதுதான். ஞாயிறு தோறும் ரொட்டியும் பாலும் உன் பேரில் நடக்கட்டும். நீ அங்கிருந்தே செலவை அனுப்பினால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வர வேண்டும் என்பதே இல்லை. உன் பேர் வந்தால் நீயே வந்த மாதிரிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம். பேத்தியின் கன்னத்தைக் கிள்ளி என் முத்தத்தைக் கொடு. உங்கள் வாசலில் பனி குறைந்து வீட்டில் சிரிப்பு நிறைய எல்லாச் சாமியும் துணை நிற்கட்டும்.

என்றும் உன் தங்கை,
கார்குழலி

பி.கு.: அக்கா, கவரை ஒட்டுவதற்கு முன்னால் மாசேரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிடலாம் என்று சாயங்காலம் போர்டிங்குக்குப் போனேன். விழித்திருந்தார். நானும் மூக்கால், "பேன் நல்லா இருந்துச்சா மாசேர்?" என்றேன்.

"இன்னா பேனு?"

"ரொட்டி மாசேர். நீங்க கேட்டீங்களே."

"ரொட்டியா? எனக்குப் பல்லு எங்கடி இருக்குது? புள்ளைங்களுக்குப் பேன் பாக்க வாங்கடின்னு சொல்லிவுட்டேன். அதுக்குள்ள மணி அடிச்சித் தொலச்சாங்க."

"அவங்க தலைல பேனே இல்லயாம் மாசேர்."

"இல்லாட்டி இன்னா? உன் தலைல மட்டும் எல்லா வாரமும் இருந்துச்சா? நீ வந்து வந்து படுத்துக்கல?"

உனக்கு ஞாபகம் இருக்கிறதா அக்கா? ஞாயிறு மத்தியானம் மாடிப்படியில் படிக்கு ஒருத்தியாக உட்கார்ந்து, மேல்படிக்காரி கீழ்ப்படிக்காரி தலையைப் பார்ப்போமே. உச்சிப் படியில் மாசேர், நடுவில் எங்கேயோ நீ, உன் மடியில் நான். எனக்குப் பேன் இல்லை என்று தெரிந்த பிறகும் நீ தேடிக்கொண்டே இருப்பாய், நானும் தூங்குகிற மாதிரியே இருப்பேன்.

வெளியே வந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பா அம்மா வராத புள்ளைகள் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அது இன்னும் மாறவில்லை. நான் போய் அந்த மாடிப்படியில் சும்மா உட்கார்ந்தேன். குஞ்சம்மாளை விரட்டினதே கவிநிலா, அது வந்தது. ரிப்பனை அவிழ்த்துவிட்டு எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து தலையை என் மடியில் சாய்த்தது. பேன் ஒன்றுகூட இல்லை. இருட்டும்வரை தேடினேன்.

அதனால் மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ரொட்டி வேண்டாம். செலவு அனுப்பாதே, அனுப்பினால் நான் வரவு வைக்க மாட்டேன். வற்புறுத்த மாட்டேன் என்றதும் பொய். நீ வா. முட்டிவலிக்கு ஏற முடியாது என்றால், நாங்கள் எல்லாரும் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்கிறோம். எனக்கு மேலே இருக்கிற படி காலியாகத்தான் இருக்கிறது.

என் தலையில் இப்போது பேன் கிடையாது அக்கா. இருந்தாலும் வந்து பார்.