கண் மட்டத்தில் ஒட்டுக

மனித குலம் நெருப்பைக் கண்டதும் சக்கரத்தை உருட்டியதும் பெரிய காரியங்கள்தாம். ஆனால் மாணவர் வாடகைக் கட்டட உரிமையாளர் சங்கம், கட்டடத்துக்குள் விளம்பரம் ஒட்டுவதற்கு வகுத்த விதிகளின் முன்னால் அவை சற்றுக் கூச்சத்தோடுதான் நிற்க வேண்டும்.

விளம்பரத்தில் பொய் கூடாது என்பது முதல் விதி. உரிமையாளரைத் தவிர யாரும் எதையும் ஒட்டக் கூடாது என்பது அடுத்தது. மகுடம் மூன்றாவது: குடியிருப்போர் எங்கே நின்றே தீர வேண்டுமோ, அங்கே கண் மட்டத்தில் ஒட்டுக.

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் எல்லோரும் நின்றே தீரும் இடம் லிஃப்ட் வாசல். கையால் இழுத்துத் திறக்கும் பழைய கதவு. பெட்டி வராவிட்டாலும் பெருந்தன்மையோடு திறந்துகொள்ளும். பெட்டி வந்ததா என்று எட்டிப் பார்க்கக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. கண் மட்டத்தில். விளம்பரம் அதில் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது: ‘ஓர் அறை காலி. பாதுகாப்பான லிஃப்ட்.’

தையல்கடை வைத்திருக்கும் அக்கா, அங்கே நான்காம் மாடியில் தங்கிப் படிக்கும் தம்பியைப் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் கட்டட மேனேஜரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான்.

“அறை எதுவும் காலி இல்லையே சார்?”

“இப்ப இல்ல தம்பி. விளம்பரம் போட்டா தன்னால காலியாகும்.”

“கண்ணாடிய மறைச்சிட்டீங்களே, பெட்டி வந்திருக்கான்னு எப்படித் தெரியும்?”

“அதான் பாதுகாப்பான லிஃப்ட்னு எழுதியிருக்கே. படிச்ச பிள்ளைதானே?”

தம்பி ‘பார்த்து ஏறுங்க’ என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினான். மேனேஜர் இரண்டாம் விதிப்படி கிழித்தார். “ஆள் சேர்க்கிற இடத்துல ஆள விரட்டுற விளம்பரமா?”

“விடுடா, மாடிப்படியில போ” என்றாள் அக்கா. போய்க்கொண்டுதான் இருந்தான். பரீட்சை முடிந்து, இரு கையிலும் புத்தக மூட்டையோடு நான்காம் மாடியிலிருந்து இறங்க நினைத்த அன்று மட்டும் லிஃப்ட் கதவைத் திறந்தான். பெட்டி கீழே இருந்தது.

சங்கம் உடனே கூடியது. எழுந்து நின்று மௌனம் அனுசரித்தது. தலைவரின் கைபேசி அடித்ததும் உட்கார்ந்தது.

“எனக்கு எதுவும் வேணாங்க” என்றாள் அக்கா. “அந்தக் கண்ணாடியில இருக்கறத எடுத்துடுங்க. மத்த பிள்ளைங்க இன்னும் ஏறி இறங்குது.”

சங்கம் உருகியது. விளம்பரம் ஒரு வரி விடாமல் ஆராயப்பட்டது. ‘பாதுகாப்பான’ என்ற சொல் முதல் விதிக்கு முரணானது என்று ஒருமனதாகக் கண்டுபிடித்து, அந்தச் சொல்லை மட்டும் அடித்தார்கள்.

“மிச்சத்த?” என்றாள் அக்கா.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவருடைய கண்ணாடியை. “பாருங்கம்மா, போன வாரம் வரைக்கும் ‘ஓர் அறை காலி’ங்கறது பொய். அப்பவே நீங்க கேட்டிருந்தா எடுத்திருப்போம். இப்ப அது உண்மை. உண்மையான விளம்பரத்த எடுக்க விதியில இடமில்ல.”

மேனேஜர் ஆமோதித்தார். யாரோ தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள். அக்கா தம்பியின் புத்தக மூட்டையை எடுத்துக்கொண்டாள்.

“சரிங்க ஐயா. ‘ஓர் அறை’ங்கறத மட்டும் பென்சில்ல எழுதச் சொல்லுங்க” என்றாள். “அந்த இடத்துலயே ஒட்டியிருந்தா, அடிக்கடி திருத்த வேண்டி வரும்.”