எலக்ட்ரான் அண்ணாச்சியின் இலவச ஜெராக்ஸ்

திருச்சுழிக்குப் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் வந்து போனவர்களில் பாதிப் பேர், தங்கள் உடம்பில் கரண்ட் இருக்கிறதோ என்ற சந்தேகத்தோடுதான் ஊர் திரும்பியிருப்பார்கள். மீதிப் பாதிப் பேருக்குச் சந்தேகமே கிடையாது. இருக்கிறது என்று அடித்துச் சொல்வார்கள். இதற்கெல்லாம் காரணம் ஒரே ஒரு மனிதர். எட்டடிக்குப் பத்தடி தகரக் கடையில் ஒரு ஜெராக்ஸ் மிஷினை வைத்துக்கொண்டு ஒரு தாலுகாவையே ஆட்டிவைத்தவர். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் எலக்ட்ரான் அண்ணாச்சி.

எனக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் முதல் வேலை. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், பென்ஷன் வாங்க வேண்டியிருக்கிறது. தினமும் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ். சித்திரை மாதத்து வெயில், ரெக்சின் சீட்டு, நான் கட்டியிருந்ததோ சிந்தெடிக் சேலை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது சேலை காலோடு ஒட்டிக்கொண்டு படபடவென்று பேசும். சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு சுற்றறிக்கையை நகலெடுக்க எதிர்க்கடைக்குப் போனேன். 'நியூட்ரல் ஜெராக்ஸ்' என்று பலகை. படியில் கால் வைக்கவில்லை, உள்ளிருந்து ஒரு குரல் அலறியது.

"மேடம், அங்கயே நில்லுங்க! சார்ஜோட உள்ள வராதீக!"

நான் கைபேசியைப் பார்த்தேன். சார்ஜ் பாதிதான் இருந்தது.

"போன்ல இல்ல மேடம், உங்க மேல. அந்தக் கம்பியத் தொட்டுட்டு வாங்க."

வாசலில் இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி நட்டிருந்தது. தொட்டேன். சுள்ளென்று விரலில் ஒரு கடி. "ஐயோ" என்று நான் கையை உதற, மெலிந்த, உயரமான, சட்டைப் பையில் டெஸ்டர் செருகிய ஒரு மனிதர் மலர்ந்த முகத்தோடு வெளியே வந்தார்.

"இப்ப நீங்க நியூட்ரலு. தாராளமா வாங்க."

அந்தக் கம்பி ஆறடி ஆழத்துக்கு இறங்கியிருந்தது. கீழே உப்பும் கரியும் போட்டிருந்தார். நம் ஊர்க் கரிசல் மண் காய்ந்துவிட்டால் கரண்டை வாங்கிக்கொள்ளாது என்று தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். குடிதண்ணீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் கோடையில் ஒரு மனிதர் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றினால் சனங்கள் என்ன நினைப்பார்கள்? முதலில் கிறுக்கு என்றுதான் நினைத்தார்கள்.

பிறகு பரளச்சி கருப்பையா வந்தார். அறுபது வயது விவசாயி. பட்டாவில் அப்பா பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று ஒன்றரை வருடமாக நடந்துகொண்டிருந்தவர். அண்ணாச்சி சொன்னபடி கம்பியைத் தொட்டு, கடி வாங்கி, நகலெடுத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே பெயர் திருத்தம் கைக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் கம்பிக்கு மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, உச்சியில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் செருகிவிட்டார். அடுத்த வாரம் ஒருவர் தேங்காய் உடைத்தார். அதற்கடுத்த வாரம் எம்.ரெட்டியபட்டி பக்கமிருந்து வந்த ஓர் அம்மா விளக்கெண்ணெயை ஊற்றிக் கம்பியை முழுசாக மெழுகிவிட்டார். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்.

"எண்ணெயத் தடவாதீக ஆத்தா! எண்ணெய் இன்சுலேட்டரு!"

"சாமிக்கு ஆகாதாய்யா?"

"ஆகவே ஆகாது!"

"எலுமிச்சம்பழம்?"

அண்ணாச்சி ஒரு நிமிடம் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. "அது பரவாயில்ல. அது கடத்தும்" என்றார்.

அன்றிலிருந்து கம்பிச்சாமிக்கு எண்ணெய் ஆகாது, எலுமிச்சம்பழம் மட்டும் ஆகும் என்று சுற்றுப்பட்டு முழுக்கப் பரவிவிட்டது.

அவரிடம் நகலெடுப்பது சாதாரணக் காரியமில்லை. காகிதத்தைக் கொடுத்ததும் கொடுத்துவிட மாட்டார். மிஷின் மூடியைத் திறந்துகொண்டு ஆரம்பிப்பார். "உள்ள ஒரு உருளை இருக்கு. அதுமேல பூராவும் சார்ஜ் ஏத்துறோம். வெளிச்சம் பட்ட எடத்துல சார்ஜு ஓடிப்போயிரும். எழுத்து இருக்கிற எடத்துல வெளிச்சம் படாதுல்ல, அங்க மட்டும் அப்படியே நிக்கும். மைப்பொடி அதத் தேடிப் போயி ஒட்டும். இப்ப தாளுக்கு அதவிடப் பலமா சார்ஜ் குடுத்தா என்ன ஆகும்? பொடி உருளைய விட்டுட்டுத் தாளுக்குத் தாவிரும்! சூடு காட்டுனா ஒட்டிக்கிரும். அம்புட்டுத்தான். இப்பச் சொல்லுங்க, உங்க சாதிச் சான்றிதழ எழுதுனது யாரு?"

"தாசில்தாரு" என்பார் வந்தவர்.

"சார்ஜு!" என்பார் அண்ணாச்சி.

"சரிப்பா, அவுகளே எழுதட்டும். ரெண்டு காப்பி குடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கோடையில் காற்று காய்ந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்காகக் கடைக்குள் நனைத்த சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். அந்தச் சாக்கின் வாசனையை என் அலுவலகத்துக் கோப்புகள் இன்றும் சுமந்துகொண்டிருக்கும். அவருடைய மொபெட்டின் பின்னால் பெட்ரோல் லாரிக்குத் தொங்குவதுபோல ஒரு சங்கிலி தரையில் இழுபடும். "உருண்டு வர்ற வண்டி சார்ஜ் ஏத்திக்கிரும் மேடம்" என்பார். அவர் வரும் சத்தத்தைக் கேட்டால் ஆடு திருடிக்கொண்டு போகிறவன்கூட நின்று திரும்பிப் பார்ப்பான்.

அண்ணாச்சி இயற்பியல் படித்தவர். ஒரே ஒரு பாடத்தில் பெயில், அதனால் பட்டம் கைக்கு வரவில்லை. எந்தப் பாடம் என்று ஒரு நாள் கேட்டேன்.

"மின்னியல்" என்றார் கூச்சத்தோடு.

"அண்ணாச்சி! அதுலயா?"

"முதல் கேள்வியே மின்னூட்டம்னா என்னன்னு கேட்டுட்டாக மேடம். எழுத ஆரம்பிச்சேன். மணி அடிச்சிருச்சு."

மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். மூடியைத் துளைத்து ஒரு செம்புக் கம்பி, கம்பியின் அடியில் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள் இரண்டு துண்டு. சீப்பால் தலை வாரி அருகே கொண்டுபோனால் இரண்டு துண்டும் விறைத்துக்கொண்டு விலகும். இரண்டுக்கும் ஒரே சார்ஜ் வந்துவிட்டால் ஒன்றையொன்று தள்ளுமாம். அதற்கு அவர் வைத்த பெயர் 'காட்டி'. மேகம் கறுத்தால் மிஷின் பிளக்கைப் பிடுங்குவார், பிறகு காட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவார். "மேகத்துச் சார்ஜோட மின்புலம், அதான் ஃபீல்டு, கீழ எறங்குதான்னு பாக்கேன்" என்பார். வருடம் முழுவதும் நம் பக்கத்து வானம் இவரை ஏமாற்றிக்கொண்டேயிருக்கும். மேகம் வரும், மதுரைப் பக்கம் போய்விடும். அண்ணாச்சி ஜாடியோடு கடைக்குத் திரும்புவார். டீக்கடையில் சிரிப்பார்கள்.

அந்த ஐப்பசியில் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். மானாவாரி மக்காச்சோளத்துக்கும் உளுந்துக்கும் பதிவு செய்ய ஊர் ஊராக வந்துவிட்டார்கள். மதியத்துக்கு மேல் இணையம் படுத்துக்கொண்டது. முப்பது சொச்சம் பேர் அண்ணாச்சி கடைக்கு எதிரே இருந்த பெரிய புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். வரிசை கலைந்துவிடக் கூடாதென்று அவரவர் செருப்பை வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் செருப்பு பரளச்சி கருப்பையாவுடையது. ஓர் அம்மா சந்தையில் வாங்கிய வெள்ளாட்டையும் செருப்புக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தார்.

நான் ஒரு சுற்றறிக்கைக்கு நகலெடுக்க அண்ணாச்சி கடையில் நின்றேன். வானம் ஒரே மூச்சில் இருண்டது. அண்ணாச்சி நகலெடுத்துக்கொண்டே தற்செயலாகக் காட்டியைப் பார்த்தார். தாளைக் கீழே போட்டார். ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். நானும் பின்னால் போனேன். சீப்பு இல்லை, ஒன்றும் இல்லை. வெள்ளித்தாள் இரண்டும் தாமாகவே விலகி, நடுங்கிக்கொண்டு நின்றன. என் முழங்கை ரோமம் குத்திட்டு நின்றது.

"மரத்த விட்டு வாங்கய்யா! எல்லாரும் வெரசா வாங்க! இடி எறங்கப் போகுது!"

யாரும் அசையவில்லை. கருப்பையா மட்டும் பதில் சொன்னார். "மழை வந்தா நனைஞ்சுக்கிறோம் அண்ணாச்சி. நீங்க வேலையப் பாருங்க. எந்திரிச்சா வரிசை போயிரும்."

"உசுரு போயிரும்யா!"

"கடைசி நாளு. வரிசை போனாலும் அதே கதிதேன்."

நான் கத்தினேன். அரசாங்கக் குரலில் கத்தினேன். "இணையம் வந்துருச்சா மேடம்?" என்று கேட்டார்களே தவிர ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மேகம் உறுமியது. அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போனது. அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன். மார்பு நிறைய மூச்சு வாங்கி, அந்த மனிதர் வாழ்நாளில் சொல்லியிராத ஒன்றைக் கூவினார்.

"ஜெராக்ஸ் ஃப்ரீ! எல்லாருக்கும் ஃப்ரீ! முதல்ல வாரவுகளுக்கு மட்டும்!"

புளியமரத்தடி காலியாவதற்கு நான்கு வினாடிகூட ஆகவில்லை. வரிசைக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் செருப்பைக்கூட எடுக்கவில்லை. எட்டுக்குப் பத்து கடைக்குள் முப்பது சொச்சம் பேரும் ஒரு வெள்ளாடும் நுழைந்தோம். இரண்டு பேர் காகிதக் கட்டுகள்மேல் ஏறி நின்றார்கள். என் முகம் ஈரச் சாக்கில் புதைந்தது. முதலில் ஓடிவந்த கருப்பையா மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், வேறு யாரும் முந்திவிடக் கூடாதே என்று. அண்ணாச்சி யாரையும் கம்பியைத் தொட்டுவிட்டு வரச் சொல்லாமல், எல்லோரையும் முதுகால் தள்ளி உள்ளே அடைத்து ஷட்டரை இழுத்து மூடினார்.

"கருப்பையா, மிஷின விடுங்க! தகரத்தையும் யாரும் தொடாதீக! சுத்தித் தகரம். சார்ஜு வெளியவே ஓடிரும், உள்ள ஃபீல்டு கெடையாது."

"ஃப்ரீ கெடையாதுன்னு சொல்லாம இருந்தாச் சரி" என்றார் கருப்பையா, மிஷினை விட்டு ஒரு சாண் விலகி.

அப்போது ஷட்டர் இடுக்குகள் எல்லாம் வெள்ளையாயின. சத்தம் காதில் விழவில்லை, பல்லில் விழுந்தது. விளக்கு அணைந்தது. எங்கோ கண்ணாடி உடைந்தது. அதற்குப் பிறகு, ஆடு எதையோ மெல்லும் ஓசை மட்டும் இருட்டில் கேட்டது. நான் எடுக்க வந்த சுற்றறிக்கை அது.

பிறகு கருப்பையா தொண்டையைக் கனைத்தார்.

"சரி, எடுங்க அண்ணாச்சி. ஆதாரு முன்னும் பின்னும்."

ஷட்டரைத் தூக்கினோம். புளியமரம் உச்சியிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்து நின்றது. பட்டை உரிந்து ஆவி பறந்தது. செருப்பு வரிசை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. செருப்புகள் தெரு முழுக்கச் சிதறிக் கிடந்தன. ஆடு வைத்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்ம ஆரம்பித்தார். மற்றவர்கள் மழையில் நனைந்தபடி மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, கருகிய செருப்புக்காரர் எத்தனையாவது ஆள் என்று சண்டை தொடங்கியது.

அண்ணாச்சி மரத்தைப் பார்க்கவில்லை. மிஷினின் பின்பக்கம் குனிந்திருந்தார். கருகிய வாடை வந்தது. மேகம் கறுத்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குகிற மனிதர், அன்றைக்கு ஆட்களைப் பார்த்து ஓடியதில் அதை மறந்துவிட்டார். கரண்ட் லைன் வழியாக வந்த இடி மிஷினை உள்ளேயே வேகவைத்திருந்தது.

"அண்ணாச்சி..." என்றேன்.

"காட்டி உடைஞ்சிருச்சா மேடம்?" என்றார். உடைந்திருந்தது, மிதிபட்டு. "ஆனா விரிஞ்சத நீங்க பாத்தீகள்ல? தானா விரிஞ்சுச்சு. பாத்தீகள்ல?"

"பாத்தேன் அண்ணாச்சி."

அவருக்கு அது போதுமாயிருந்தது. சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார்.

காப்பீட்டுக்குத் தேதியை நீட்டித்தார்கள். ஃப்ரீ ஜெராக்ஸை யாரும் மறக்கவில்லை. வேறு மிஷின் வரும்வரை தினமும் இரண்டு பேராவது வந்து, "அன்னைக்குச் சொன்னீகள்ல?" என்பார்கள். ஒருவர், "நான் அன்னைக்கு வரல. ஆனா வாரதா இருந்தேன்" என்றுகூடக் கேட்டார். மிஷின் வந்ததும் அண்ணாச்சி அவருக்கும் சேர்த்தே எடுத்துக்கொடுத்தார். முதலில் வந்தவர் கருப்பையா. மகளுடையது, மருமகனுடையது, பேரனுடையது என்று ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதத்தோடு வந்தார். போகும்போது, "நல்ல மனுசன், என்ன, பேச்சுத்தேன் சாஸ்தி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மிஷின் இல்லாத அந்த மூன்று வாரமும் அண்ணாச்சி ஒரு நாள் தவறாமல் கடையைத் திறந்துவைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "ஐப்பசி முடியலையே மேடம், சனம் வெட்டவெளியிலதான நிக்கிது. இடி எறங்குனா ஓடி ஒதுங்க ஒரு தகரம் வேணும்ல" என்றார். நான் மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தேன். அலுவலகத்தில் மின்விசிறி இருந்தது, மேசை இருந்தது, இருந்தாலும் போனேன். இரண்டு வாய் சாப்பிடுவார், எழுந்து வெளியே போய் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். அவர் திரும்பி வந்து உட்காரும்வரை நானும் சாப்பிடாமல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.