கண்ட்ரோல் வாப்பா

பிள்ளைகளைக் கண்டிக்கிற தகப்பன்மாரில் பல ரகம் உண்டு. அடிக்கிற ரகம், அழுகிற ரகம், டியூஷன் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுக் குறட்டை விடுகிற ரகம். இவர்களையெல்லாம் விட்டுவிடுவோம். இங்கே சொல்லப்போவது 'கண்ட்ரோல்' ரகம். இந்த ரகத் தகப்பன் காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானம் அதை மறப்பார், சாயங்காலம் அதை மீறியதற்காகப் பிள்ளையைத் திட்டுவார். எந்தக் காலனியில் விசாரித்தாலும் ஆள் காட்டுவார்கள்.

செம்பூரில் விசாரித்தால் சலாவுதீன் பாயைக் காட்டுவார்கள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை, செம்பூரில் இரண்டாவது மாடியில் ஒரு ஹாலும் சமையலறையும், மனைவி மெஹராஜ், பதினோரு வயதில் ஒரே மகள் சைனப். துபாயிலிருந்து லீவில் வந்த அவருடைய தம்பி, டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் பெட்டி ஒன்றைச் சைனப் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கட்டடத்திலேயே முதல் பெட்டி. அன்றோடு சலாவுதீன் பாய் குழந்தை வளர்ப்பில் நிபுணராகிவிட்டார்.

"பிள்ளைய ஆட விடலாம் பாய், தப்பில்ல. ஆனா கண்ட்ரோல் வேணும்!"

மாடிப்படியில் சொன்னார், பள்ளிவாசலில் சொன்னார், லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே முன்பின் தெரியாத ஒரு மராட்டிக்காரரிடம் இந்தியில் சொன்னார். அந்த மனிதருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

முதல் சட்டம், டிவியிலிருந்து எட்டடி தள்ளி உட்கார்ந்துதான் ஆட வேண்டும். கிட்டே உட்கார்ந்தால் கண் கெட்டுவிடும். நல்ல சட்டம்தான். ஆனால் கேம் பெட்டியின் வயர் நாலடி. எட்டடி தள்ளி உட்கார்ந்தால் சைனப் படம் பார்க்கலாம், ஆட முடியாது. நாலடியில் உட்கார்ந்தால் ஆடலாம், ஆனால் குற்றவாளி. வயரை நீட்டித் தரலாமே என்று மெஹராஜ் கேட்டாள். சட்டம் போடுகிறவர் வயரையெல்லாமா கவனிப்பார்?

திங்கட்கிழமை யாரோ ஏதோ சொன்னார்கள் என்று கேமுக்கு அடியோடு தடை. புதன்கிழமை கிராஃபோர்ட் மார்க்கெட்டிலிருந்து பை வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்தார்கள், தடையாவது ஒன்றாவது, "ஏட்டி சைனபு, அங்கிளுக்கு அந்த ராக்கெட்ட சுடுறத காட்டு!" என்று மகளைப் பாதிச் சோற்றிலிருந்து எழுப்பி உட்கார வைத்தார். வியாழக்கிழமை அவருக்குத் தலைவலி. பிள்ளை பேசாமல் இருந்தால் போதும் என்று மூன்று மணி நேரம் ஆட விட்டார். வெள்ளிக்கிழமை, மூன்று மணி நேரம் ஆடியதற்காகத் திட்டினார். திட்டிய கையோடு, கணக்கில் எண்பதுக்கு மேல் வாங்கினால் நாளை ஒரு மணி நேரம் ஆடலாம் என்று வாக்கும் கொடுத்தார்.

சைனப் எண்பத்து நாலு வாங்கினாள்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். விடைத்தாளை ஆட்டிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தவள் டிவி பக்கம் பார்த்தாள். பெட்டி இல்லை. காலையில் முலுண்டில் ஒரு பையன் கேம் ஆடி ஆடி மண்டை குழம்பிப் போனானாம் என்று கேள்விப்பட்ட சலாவுதீன் பாய், அதை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போயிருந்தார். சைனப் அழவில்லை. யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் சோறு தின்றாள். கூடப் படிக்கிற ஷ்யாமளா வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

ஐந்து மணிக்கு மெஹராஜ் அங்கே போய்க் கேட்டபோது ஷ்யாமளா திருதிருவென்று விழித்தாள்.

"இங்க வரலை ஆன்ட்டி. குர்லா ஸ்டேஷன் பக்கத்துல வீடியோ கேம் கடை இருக்கே, அங்க போறேன்னா. என்னையும் கூப்பிட்டா, நான் மாட்டேன்னுட்டேன்."

மெஹராஜ் மருந்துக் கடையிலிருந்து பட்டறைக்குப் போன் செய்தாள். சலாவுதீன் பாய் கத்தரியைப் போட்டது போட்டபடி கிளம்பி, சயானில் ரயில் ஏறிக் குர்லாவில் இறங்கினார். ஒரே ஒரு ஸ்டேஷன்தான். அதற்குள் அவர் மனம் என்னென்னவோ பார்த்துவிட்டது: தண்டவாளம், மேம்பாலத்து நெரிசல், பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப் போகிற முகம் தெரியாத யாரோ. எதிரே நீல யூனிஃபாரம் போட்ட பெண்ணெல்லாம் சைனப்பாகத் தெரிந்தது. கேலி செய்கிற நாமும் அந்தப் பத்து நிமிடம் வாயை மூடிக்கொள்வோம்.

கடை ஒரு தகரக் கொட்டகை. உள்ளே சிகரெட் புகை. சோடா கிரேட்டின் மேல் ஏறி நின்று சைனப் ஆடிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி மீசை முளைத்த ஆண்கள் ஏழெட்டுப் பேர். ஒருவன் அவள் தோளுக்கு மேல் கையை நீட்டி மெஷினைப் பிடித்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேட், பச்சி ஆப்கி ஹை? படியா கேல்தி ஹை!" என்று, உங்கள் பெண்ணா, அருமையாக ஆடுகிறாளே என்கிற பாராட்டோடு கடைக்காரன் பல்லைக் காட்டினான்.

சலாவுதீன் பாய் அந்தக் கையைத் தட்டிவிட்டு மகளைக் கீழே இறக்கினார். அடிக்கத்தான் ஓங்கினார். அடி விழவில்லை.

"வீட்டுல பெட்டி இருக்கும்போது இங்க எதுக்குட்டி வந்த?"

சைனப் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுல எப்ப ஆடலாம், எப்ப ஆடக்கூடாதுன்னு எனக்கு ஒண்ணுமே புரியல வாப்பா. இங்க ஒரு ரூவா போட்டா ஆடலாம், போடலைன்னா ஆட முடியாது. அவ்வளவுதான்."

பட்டறையில் இருபது பேரை அதட்டுகிற மனிதர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். வீடு வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

வீட்டில் மெஹராஜ் முதலில் பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு புருஷனிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கினாள்.

"வெள்ளியும் ஞாயிறும். வீட்டுப்பாடம் முடிச்சப்புறம் ஒரு மணி நேரம். நானும் கூட உக்காருவேன். பெட்டி வெளியதான் இருக்கும், பூட்டு கிடையாது. அந்தக் கடைக்குப் போவணும்னு தோணிச்சுன்னா சொல்லாம போவப்பிடாது, என்ட்ட கேக்கணும். இத மாத்தணும்னா மூணு பேரும் பேசித்தான் மாத்தணும்."

"மூணு பேரா?" என்றார் சலாவுதீன் பாய்.

"அவளும் ஆளுதான?"

அவ்வளவுதான் விஷயம். நாலு வரி. கட்டடம் முழுக்கப் பிரசங்கம் செய்தும் வராதது அந்த நாலு வரியில் வந்தது. மணி ஆனதும் சைனப் தானே அணைத்தாள். சில நாள் ஐம்பது நிமிடத்திலேயே அலுத்துப்போய்க் கீழே ஸ்கிப்பிங் ஆட ஓடினாள். மெஹராஜும் ராக்கெட் சுடக் கற்றுக்கொண்டு மகளிடம் தோற்றுக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை, கரீம் பாட்சா என்கிற பெரிய வியாபாரி டீ சாப்பிட வந்தார். சலாவுதீன் பாய்க்கு உடம்பு நமைத்தது. "சைனபு, அங்கிளுக்கு அந்த ராக்கெட்ட…"

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழம வாப்பா," என்று சைனப் புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல் சொன்னாள்.

கரீம் பாட்சா அசந்துபோனார். "மாஷா அல்லாஹ்! பாய், பிள்ளைய எப்படி இப்படி வளத்தீங்க?"

சலாவுதீன் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "தகப்பன் ஒரு வார்த்தை சொன்னா அது வார்த்தையா இருக்கணும் பாய். வேற ஒண்ணும் இல்ல."

சமையலறையில் ஒரு தட்டு விழுந்தது. அதுவாக விழவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு, இவ்வளவு நேரமும் ஒரு தொந்தரவும் இல்லாமல் இதை வாசித்து முடித்துவிட்டீர்களே, எதைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறீர்கள்?